புந்தல உப்பளத்துக்குப் போகப் போகிறீர்களா?



தோட்டத்துப் பக்கம் வாழும் நமக்கு உப்பினால் இரண்டு வேலைகள். ஒன்று சோற்றுக்கு, மற்றது அட்டைக்கு. மழை நாளில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் துணி முடிச்சில் உப்பைக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போவதைப் பசறை, நமுனுகுலப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு எங்கே விளைகிறது என்று நான் வெகுகாலம் யோசித்ததே இல்லை.

என்னை யோசிக்க வைத்தவன் என் இளைய மகன். ஒரு நாள் தொலைக்காட்சியில் ஆபிரிக்காவின் நமீபியாவிலுள்ள எட்டோஷா தேசியப் பூங்காவைக் காட்டினார்கள். 1907இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது அது. ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெறும் உப்புத் தரை. அதன் ஓரத்தில், புழுதி படிந்து வெள்ளையடித்தது போன்ற யானைகள் நடந்து போகின்றன. நல்ல மழை பெய்த வருடங்களில் தேங்கும் நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குமாம்.

“உம்மா, நாங்களும் போவமா?” என்றான்.

விமானச் செலவைக் கேட்டால் அவனுடைய வாப்பா என்ன ஆவாரோ! ஆனால் எட்டோஷாவுக்கு ஒரு சின்னத் தங்கை நம் மலைக்குக் கீழேயே இருக்கிறாள். அம்பாந்தோட்டை மாவட்டத்துப் புந்தல தேசியப் பூங்காவைத்தான் சொல்கிறேன். பரப்பு 6,216 ஹெக்டயர். பாலைவனம் அல்ல, என்றாலும் முட்புதர்க் காடும், மணல் மேடும், வெயிலில் வெளுத்த உப்பளமும், உவர்நீர்க் களப்புகளும் சேர்ந்த வறண்ட பூமி. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து முதலில் சேர்க்கப்பட்ட இடம் இதுதான். அது நடந்தது 1990இல். 1993இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். இருநூறுக்குக் கிட்டிய பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. யானை உண்டு, முதலை உண்டு. கடலாமைகள் கரையேறி முட்டையிடும் கடற்கரையும் உண்டு.

எங்கள் முதல் பயணத்தில் செய்த பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அவற்றைச் செய்ய வேண்டாம் அல்லவா?

ஆகஸ்ட் விடுமுறையில் போனோம். விடிய எழுந்து சோறு கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மாமியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோதே ஒன்பது மணி. திஸ்ஸமகாராமவில் ஜீப் பேசும்போது உச்சி வெயில். “பூநாரை நிச்சயம் இருக்கும், ஆயிரக்கணக்கில் இருக்கும்” என்றார் சாரதி. இரண்டு மணி நேரம் குலுங்கியதுதான் மிச்சம். களப்போரத்தில் நாலைந்து எருமைகள், ஒரு மயில். மாமிக்கு இடுப்பு வலி. மகன் தொலைக்காட்சியில் பார்த்த அந்த இளஞ்சிவப்புக் கூட்டத்தைக் கேட்டு அழுதே விட்டான்.

வாசலில் இறங்கியபோது பூங்காவின் வயதான வழிகாட்டி ஒருவர் அவன் தலையைத் தடவி, “இப்ப அவை வாறது குறைவு மகன். தண்ணீர் இனிச்சுப் போச்சு” என்றார்.

உப்புக் களப்பில் தண்ணீர் எப்படி இனிக்கும்? வீட்டுக்கு வந்த பிறகுதான் விசாரித்து, வாசித்து அறிந்தேன். அறிந்தபின் பதுளைக்காரியான எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அந்தத் தண்ணீர் நம்முடையது.

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது பாதையோரத்தில் இராவணா எல்ல அருவியைப் பார்க்கிறோம். கொஸ்லந்தைப் பக்கம் 220 மீட்டர் உயரத்திலிருந்து தியலும விழுகிறது. இரண்டின் நீரும் கடைசியில் கிரிந்தி ஓயாவில்தான் சேர்கிறது. கிரிந்தி ஓயா வெல்லவாய, தனமல்வில வழியாகச் சமவெளிக்கு ஓடுகிறது. 1980களில் அதை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். (பெயரிலேயே ‘லுணு’, அதாவது உப்பு இருப்பதைக் கவனியுங்கள்!) அந்த நீரால் வரண்ட காட்டில் வயல்கள் விளைந்தன. வயல்களில் மிஞ்சிய நீர், உரத்தையும் கரைத்துக்கொண்டு, புந்தலவின் எம்பிலிகல, மலல களப்புகளில் போய் வடிந்தது. உவர்ப்புக் குறைந்தது. உவர் நீரில் மட்டுமே பெருகும் சிறு இறால்களும் பாசிகளும் குறைந்தன. பூநாரையின் இரை அவைதான். அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவது. இரை இல்லாத இடத்தில் பறவைக்கு என்ன வேலை? ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேலாக வந்து தங்கிய பூநாரைகள் 2000க்குப் பிறகு அநேகமாக வராமலே போயின. இன்று பூநாரைக் கூட்டம் பார்க்க மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும்.

இதற்காக அந்த விவசாயிகளை நான் குறை சொல்ல மாட்டேன். குடியேறி வந்த ஏழைகளின் வயல் அது. அந்த அரிசியை நாமும் வாங்கிச் சமைக்கிறோம். வடிநீர் களப்பில் விழாமல் வேறு வாய்க்கால் வெட்டியிருக்கலாமே என்று மட்டும் தோன்றுகிறது. உவர் நிலத்துக்கு உதவும் என்று 1950களில் கொண்டு வந்த ஒரு சீமை முள்மரமும் நாகதாளியும் களப்போரங்களை இப்போது அடைத்து நிற்கின்றன. அதுவும் ஒரு தொல்லை.

அப்படியானால் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். பூநாரை ஒன்றுக்காகப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் தை மாதத்தில் இரண்டாம் முறை போனபோது நாங்கள் கண்டது வேறு காட்சி. சைபீரியா போன்ற வடக்குத் தேசங்களிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த உள்ளான்கள் உப்புப் பாத்திகளில் நூற்றுக்கணக்கில் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பறவைகள்! நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா என்று மகன் ஒரு கொப்பி நிறைய எழுதினான். மாமி, கரையில் கிடந்த முதலையை மரக்கட்டை என்று கடைசிவரை சாதித்தார்.

ஆகவே வெளிநாட்டுப் பறவைகள் தங்கியிருக்கும் செப்டெம்பர் முதல் மார்ச் வரையான காலத்தில் போங்கள். டிசெம்பர் விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் தோது. முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறையும் சில வருடங்களாக இந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆனால் நோன்போடு அந்த வெயிலில் ஜீப்பில் குலுங்குவது பிள்ளைகளுக்கும் நமக்கும் ஆகாது.

பதுளையிலிருந்து ஹாலி-எல, தெமோதர, எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாகத் திஸ்ஸமகாராம நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வானில் நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்ல – வெல்லவாய இறக்கத்தை மட்டும் பகலிலேயே கடந்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2025 செப்டெம்பரில் ஓர் இரவு அங்கே பஸ் பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மாவட்டத்தைப் படுத்திய பாடும் தெரியும். பறவைக் காலமும் நமது மழைக் காலமும் ஒன்றாக வருவதால், பாதை திறந்திருக்கிறதா, மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று விசாரிக்காமல் புறப்பட வேண்டாம்.

ளுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, திஸ்ஸமகாராமவில் ஓர் இரவு தங்குவதே நல்லது. பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கும். சுபஹு தொழுத கையோடு ஜீப்பில் ஏறினால், வெயில் ஏறுமுன் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம். ஜீப் கூலியை முந்திய மாலையே பேசி முடியுங்கள். யாலவுக்கல்ல, புந்தலவுக்கு என்று இரண்டு தடவை சொல்லுங்கள். சாரதிகளுக்குச் சிறுத்தை இருக்கும் யாலதான் பழக்கம். உள்நாட்டவருக்கு நுழைவுச்சீட்டு மிக மலிவு. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. உள்ளே நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் வாசலிலேயே கழிப்பறை வேலையை முடித்துவிடுங்கள். மாமிக்கு ஒரு தலையணை கொண்டு போனோம், இம்முறை இடுப்பு தப்பியது. பொலித்தீன் பைகளுக்கு உள்ளே தடை. சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வெயிலுக்குக் கெடாது. ஊதா, சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் உடுப்பு வேண்டாம், பறவைகள் மிரளும்.

நேரம் இருந்தால் அம்பாந்தோட்டை நகருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மலாய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். தொழவும் சாப்பிடவும் சிரமமில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நின்றவர்களைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனது இங்கேதான். சந்தை கூடிய இடம் கடலுக்கும் கரகன் லேவாய்க்கும் நடுவே ஒடுங்கிய நிலம். அந்தக் கரகன் லேவாயும் இப்போது உப்பளமாக இல்லை. அதைத் தோண்டித்தான் 2010இல் திறந்த துறைமுகத்தை அமைத்தார்கள். மகா லேவாயில் உப்பெடுப்பதை இன்றும் பார்க்கலாம். பாத்தியில் கட்டிய நீர் வற்ற வற்றத் தடித்து, கடைசியில் கண்ணாடித் துண்டுகள் போல் உப்புப் பூக்கிறது. தூரத்தில் நின்று பார்க்க அழகாக இருந்தாலும், அந்த உவர் சேற்றில் நாள் முழுக்க நிற்பவர்களின் கால்களைப் பார்த்தபோது எனக்கு நம் தோட்டத்துப் பெண்களின் கைகள்தான் ஞாபகம் வந்தன.

வழிக்கடையில் கட்டி உப்பு இரண்டு கிலோ வாங்கினோம். பகலுக்குப் பின் வெல்லவாயவிலிருந்து மலையேறினோம். எல்லயை நெருங்கும்போது குளிர் பிடித்துக்கொள்ளும். சுவெட்டர்களைப் பையின் மேல்பக்கம் வைத்திருங்கள். இராவணா எல்லயருகே வானை நிறுத்தி மகன் அருவியில் கையை நனைத்தான்.

“உம்மா, இந்தத் தண்ணிதானா அங்க போகுது?”

“ஓம் மகன், இதுதான்” என்றேன். அவன் கையை நக்கிப் பார்த்தான்.