மருமகன் கேட்ட கியர்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த நேரம், ஷார்ஜாவிலிருந்து மருமகனின் குரல் பதிவு ஒன்று போனில் வந்தது. என் தாத்தாவின் மூத்த மகன். கணக்காளர் வேலை, போய் ஏழு வருடம்.

"மாமா, ரெண்டு கார் பாத்து வெச்சிருக்கேன். ரெண்டும் டொயோட்டா 86, ரெண்டும் 2017 மொடல், விலையும் ஒண்டுதான். ஒண்டு கைக் கியர், மத்தது ஓட்டோ கியர். எதை எடுக்கட்டும்?"

மௌலவியிடம் கேட்கிற மஸ்அலாவா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கியவன் நான்தான். மத்ரஸா மைதானத்தில், பழைய டொல்பின் வேனில், அவனுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது. அன்றே சொன்னான், ஒரு நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பேன் மாமா என்று. டீசல் புகைக்கு நடுவில் அவன் கண்ட கனவு அது. அதை இப்போது எட்டிப் பிடிக்கப் போகிறான்.

கார் எப்படிப்பட்டது என்றால், இரண்டே கதவு, தரையோடு படுத்த மாதிரி உயரம். பின் சீட் என்று ஒன்று பேருக்கு இருக்கிறது. தாத்தா படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பின்னால ஒரு பலாப்பழம் வைக்கவும் ஏலாது" என்று சொல்லிவிட்டார். மருமகனின் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

நான் யோசிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் பதிவு செய்தேன். "கேட்கவும் வேணுமா மகன்? கைக் கியர்தான். ஓட்டோ என்பது ஓட்டத் தெரியாதவங்களுக்கு." (மூன்று சக்கர ஓட்டோவைச் சொல்லவில்லை, அதன் சாரதிகள் கோபிக்க வேண்டாம்.)

பருப்பு ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் அகப்பை ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. அது ஏன் நின்றது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த இரண்டு கியரும் என்னவென்று வீட்டு மொழியில் சொல்லிவிடுகிறேன். அறபுக் கல்லூரியில் ஸர்பும் நஹ்வும் படித்த எனக்கு எஞ்சின் பாடம் நடந்தது வேன் பழுதான நாட்களில், கராஜ் வாசலில். எஞ்சின் பக்கம் ஓயாமல் சுற்றும் ஒரு தட்டு. சில்லுகளுக்குச் சக்தி போகிற பக்கம் இன்னொரு தட்டு. இரண்டும் ஒட்டினால் வாகனம் நகரும். இடது காலால் கிளட்சை மிதித்தால் தட்டுகள் பிரியும், அந்த இடைவெளியில் கியரை மாற்றிக்கொள்ளலாம். மெதுவாகக் காலை எடுக்கும்போது இரண்டும் உரசி உரசி ஒட்டும் ஓர் இடம் இருக்கிறது. நம் நாட்டில் அதைக் கிளட்ச் பலன்ஸ் என்கிறோம். அந்த இடத்தைக் கண் காட்டாது. காதும் உள்ளங்காலும்தான் காட்டும். எஞ்சின் சத்தம் சற்றே தாழும், வாகனம் மெல்ல ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும்.

பழைய வழி ஓட்டோ கியரில் இந்தத் தட்டு இல்லை. எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். ஒரு மின்விசிறியைப் போட்டு அதற்கு எதிரே இன்னொன்றைப் போடாமல் வைத்துப் பாருங்கள், காற்றின் வேகத்தில் அதுவும் சுற்றும். அதே வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1939இல், 1940 மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கு முழு ஓட்டோ கியரைக் கொண்டு வந்தது. அதற்குப் பிறகு பல காலம், ஓட்டோ என்றால் சொகுசு, மந்தம், பெற்றோல் கூடக் குடிக்கும் என்றே பெயர். ஓட்டப் பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

என் தலையில் இருந்ததும் அந்தக் காலத்துப் பாடம்தான். அன்றிரவு மருமகன் அனுப்பியவற்றையும் நானே தேடியவற்றையும் வாசிக்க வாசிக்க, என் பாடம் பழசாகிவிட்டது தெரிந்தது.

1989இல் ஃபெராரி தனது போர்மியூலா வன் பந்தயக் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் இரண்டு தகடுகளை வைத்தது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே கியர் மாறும். பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே நைஜல் மன்செல் அந்தக் காரில் வென்றார். 1997இல் அதே முறை ஃபெராரியின் ரோட்டுக் காருக்கும் வந்தது. பிறகு இரட்டைக் கிளட்ச் வந்தது. இதை நீங்கள் உடனே விளங்கிக்கொள்வீர்கள். இரண்டு அடுப்பில் சமைக்கிறவள் ஒரு சட்டியை இறக்கும்போதே அடுத்த அடுப்பில் மற்றச் சட்டி சூடாகி நிற்கும் அல்லவா? ஒரு கிளட்ச் 1, 3, 5 என்ற கியர்களைப் பிடித்திருக்கும், மற்றது 2, 4, 6. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாறும்போது இடைவெளியே தெரியாது. எந்த மனிதக் கையும் அந்த வேகத்துக்கு வராது. 2021இல் வந்த போர்ஷே 911 ஜீரீ3 காரை எடுங்கள். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஓட்டோவுக்கு 3.4 விநாடி, கைக் கியருக்கு 3.9 விநாடி என்று கம்பனியே சொல்கிறது.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. அதே ஜீரீ3யை 2013இல் ஓட்டோவில் மட்டும்தான் விட்டார்கள். ஓட்டப் பிரியர்கள் முறையிட்டார்கள். 2017இல் கைக் கியர் திரும்பி வந்தது. டொயோட்டா சுப்ராவும் அப்படித்தான். 2019இல் ஓட்டோ மட்டும், 2022இல் கைக் கியரையும் சேர்த்தார்கள். மெதுவானது என்று தெரிந்தே அதைக் கேட்கிறார்கள். வேகத்துக்காக அல்ல, தன் கையால் தன் காலால் ஒரு காரியம் நடக்கிறது என்ற இன்பத்துக்காக. அந்த இன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஆள் நிறைந்த டொல்பினை இரண்டாம் கியரில் திணறாமல் ஏற்றியவனுக்கு அது தெரியும்.

மருமகன் பார்த்த டொயோட்டா 86க்கு இந்த இரட்டைக் கிளட்ச் கிடையாது, எண்ணெய் விசிறிதான். ஆகவே அதில் கைக் கியர்தான் விரைவு. 2012இல் வந்தபோது 100ஐத் தொட கைக் கியருக்கு 7.6 விநாடி, ஓட்டோவுக்கு 8.2 என்றார்கள். பெற்றோலில் மட்டும் கணக்கு தலைகீழ். இதே காரை அமெரிக்காவில் சயன் என்ற பெயரில் விற்றார்கள். அந்த நாட்டு அரசாங்கக் கணக்கில் நெடுஞ்சாலையில் ஒரு கலனுக்குக் கைக் கியர் 30 மைல், ஓட்டோ 34 மைல். ஓட்டோவின் ஆறாவது கியரில் எஞ்சின் இன்னும் ஆறுதலாகச் சுற்றுவது அதற்கு ஒரு காரணம்.

மறுநாள் அவனை அழைத்து, விநாடியை விடு, நீ தினமும் எங்கே ஓட்டப் போகிறாய் என்று கேட்டேன். ஷார்ஜாவில் வீடு, டுபாயில் வேலை. அங்கே உறவினர் உள்ள சகோதரிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள், மாலையில் அந்த ரோட்டில் கார்கள் எறும்பு வரிசை மாதிரி நிற்கும். ஐந்தடி நகர்ந்து ஐந்து நிமிடம் நிற்கிற இடத்தில் கிளட்சை எத்தனை முறை மிதிக்க வேண்டும்! "சரி மாமா, ஆனா ராஸ் அல் கைமாவில ஜபல் ஜைஸ் மலை ஈக்குதே" என்றான். 1,900 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை, வளைந்து வளைந்து ஏறும் நல்ல ரோட்டு. மாதத்துக்கு எத்தனை முறை போவாய் என்றேன். கொஞ்சம் மௌனம். "ஒருக்கா... ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா."

அதற்குப் பிறகுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மருமகளிடம் என்ன லைசன்ஸ் இருக்குது மகன்?"

ஓட்டோ லைசன்ஸ். அந்த நாட்டில் ஓட்டோவில் பரீட்சை எழுதி எடுத்தவர் கைக் கியர் வாகனத்தைத் தொட முடியாது. கைக் கியரில் எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம். வீட்டுக்கு ஒரு கார்தான் என்பதும் அவன் கணக்கு.

இப்போது அந்த அகப்பைக்கு வருகிறேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே தன் நானாவின் ஓட்டோ கியர் காரில் ஓட்டப் பழகியவள். 2014இல் டொல்பினை விற்றுச் சிறிய வேன் ஒன்று பார்த்தோம். ஓட்டோ ஒன்றும் கிடைத்தது, விலை கொஞ்சம்தான் கூட. "அதை எடுத்தா எனக்கும் ஓட்டலாமே" என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "உனக்கு எங்கே போக ஈக்குது?" என்றேன். கைக் கியர் வேனையே எடுத்தேன்.

2016இல் ஒரு மழை இரவு. ஒரு மணிக்கு மேல் இருக்கும். சிறுநீரகக் கல் வலி உங்களில் யாருக்காவது வந்திருந்தால் தெரியும், ஆணோ பெண்ணோ நிமிர்ந்து நிற்க விடாது. பாயில் புரண்டேன், வாந்தி எடுத்தேன். கண்டிப் பக்கம் மலைச்சரிவில் எங்கள் வீடு, ரோட்டுக்கு ஏற ஒரு செங்குத்தான ஒழுங்கை. அவள் என்னைத் தாங்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினாள். சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தாள். முதல் கியரைப் போட்டு காலை எடுத்தாள், எஞ்சின் நின்றது. மறுபடி. மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை வேன் பின்னால் உருண்டு கானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கைப் பிரேக்கை இழுத்தாள். "மெல்ல... கிளட்ச் பலன்ஸ்..." என்று நான் முனகினேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் நன்றாகத் தெரியவில்லை. இறங்கி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் ஏறிப் போய் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுத் தம்பி எழும்பி வந்து வேனை எடுக்கும்போது நாற்பது நிமிடம் கடந்திருந்தது.

கல்தான், அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. நெஞ்சு வலியாக இருந்திருந்தால்? அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அந்த இரவைச் சொல்லிக் காட்டியதில்லை. அதே வேனைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். நான் அவளுக்கு அதை ஓட்டப் பழக்கவும் இல்லை. மைதானத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன்!

இதையெல்லாம் மருமகனுக்குப் போனில் சொன்னேன், என் மனைவி குசினியிலிருந்து கேட்கும்படியாகவே. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகள் போனை வாங்கினாள். "மாமா, அவர் சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்டது. கைக் கியரையே எடுக்கட்டும். பிள்ளை கிடைச்ச பிறகு நான் பரீட்சை எழுதுறேன்" என்றாள். நல்ல மனசு. ஆனால் பிள்ளை கிடைக்கிற இரவு பரீட்சை முடிவுக்குக் காத்திருக்காதே மகள் என்றேன். இருவரும் சிரித்தார்கள். முடிவை அவர்களிடமே விட்டேன்.

ஓட்டோவை எடுத்தார்கள். சென்ற வாரம் பதிவு அனுப்பியிருந்தான். ஷார்ஜா நெரிசலில் இடது காலுக்கு வேலையில்லாமல் தூங்குகிறதாம். இந்தக் காரிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த இரண்டு தகடுகள் இருக்கின்றன. ஜபல் ஜைஸில் அதை இழுத்து இழுத்து ஏறினானாம். "நல்லாத்தான் ஈக்குது மாமா. ஆனா அது வேற, இது வேற" என்றான். குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது. இருக்கட்டும், அது பொய்யான ஏக்கம் இல்லை. மருமகள் காரை இரண்டு தடவை கிளினிக்குக்குத் தானே ஓட்டிப் போய் வந்துவிட்டாளாம். பிள்ளை ஆசனம் பின்னால் ஒருமாதிரி நுழைகிறது என்றும் சொன்னான். தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இங்கே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வேன் சாவியை மனைவியிடம் கொடுக்கிறேன். முதல் நாள் மத்ரஸா மைதானம், அடுத்த கிழமை சமதரை ரோட்டு. போன ஞாயிறு எங்கள் ஒழுங்கைக்கே வந்தோம். கான் பக்கத்தில் வேனை நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, முதல் கியர் போட்டாள். நான் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன்: மெல்ல காலை எடு, இப்ப பெற்றோல் கொடு, இல்லை இன்னும் கொஞ்சம்...

"கொஞ்சம் பேசாம இருங்க, எஞ்சின் சத்தம் கேக்கல்ல" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். சத்தம் சற்றே தாழ்ந்தது. வேன் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. கைப் பிரேக்கை விட்டாள். ஓர் அங்குலமும் பின்னால் போகாமல் ஏறிப் போய் மூன்றாவது வீட்டு வாசலைக் கடந்தோம்.