அரை அங்குல மரை

மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது தந்தைக்குத் தெரியும், தெரியாதவர்போல் இருந்தார். வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர் அவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் குழாய் பொருத்துநராக உழைத்து ஓய்வுபெற்றவர். மாதம் ஒருமுறை, முளைகட்டிய பார்லி கொதிக்கும் மணம் கூடத்துக்கு வரும்போது, நாளிதழை அகல விரித்து அதன் பின்னே மறைந்துகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வாறு மறைந்திருக்க இயலவில்லை. அமெரிக்காவிலிருந்து தருவித்த புதிய எஃகுக் கொப்பரையில், வால்வு சேரும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகன் வெள்ளை நாடாவை மூன்று முறை மாற்றிச் சுற்றியும் பார்த்துவிட்டான். ஸ்பேனரால் முறுக்கினால் ஒழுக்கு நின்றதுபோல் தோன்றும். சூடேறியதும் மீண்டும் சொட்டும். நல்லவேளை, சோதனைக்காக ஊற்றிய வெறும் நீர்தான் அது. பார்லிச் சாறாக இருந்தால் அடுப்பில் விழுந்து கருகும். இடுக்கில் தங்கும் சர்க்கரையோ, ஆறிய சாறு வெளியேறும் வழியில் கிருமிகளுக்குக் குடியிருப்பாகும்.

"கொப்பரை அமெரிக்காவிலிருந்து வந்தது. வால்வு ஜாலான் புசாரில் வாங்கினேன். இரண்டுமே அரை அங்குலந்தானே, அப்பா?"

தந்தை விடை கூறாமல் எழுந்து சென்று, பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். அதனுள் மரை அளக்கும் தகடுகள் இருந்தன. கொப்பரையிலிருந்து நீண்டிருந்த மரையில் முதல் தகட்டை வைத்துச் சன்னல் பக்கம் திருப்பினார். பற்களுக்கிடையே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தது. அடுத்த தகடு இடைவெளியின்றிப் படிந்தது.

1841இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் திருகு மரைக்கு 55 பாகைக் கோணத்தை வகுத்தார். 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்வைத்தார். குழாய் மரைகளும் அவ்வாறே இரு கிளைகளாயின; ஆங்கிலேயர் ஆண்ட சிங்கப்பூர் 55 பாகையோடு நின்றது. கால் அங்குலக் குழாயில் இந்த வேறுபாடு உடனே பிடிபட்டுவிடும்: அங்குலத்துக்கு ஒன்றில் 19 புரி, மற்றதில் 18. சில சுற்றுகளிலேயே மரை இடறும். அரை அங்குலத்தில்தான் ஏமாற்று. இரண்டிலும் 14 புரிகளே. ஒன்றினுள் ஒன்று நன்றாகவே ஏறும், இறுகவும் செய்யும். ஆயினும் சரிவுகள் பொருந்தாமல், புரி நெடுகச் சுருளாக ஓர் இடைவெளி எஞ்சும். நீருக்கு அது போதும். (அரை அங்குலம் என்னும் பெயரும் மெய்யன்று. அது பழைய இரும்புக் குழாயின் உள்ளளவைக் குறித்த பெயர். மரையை வெளியே அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும்.)

"நாடா சிறு இடுக்கை நிரப்பும், மரை வழுக்கி ஏற உதவும். இனம் மாறிய மரையைச் சேர்த்து வைக்காது," என்றார் தந்தை. மேலும் முறுக்கியிருந்தால் எஃகும் எஃகும் கடித்துக்கொண்டு, பிரிக்கவே முடியாமற் போயிருக்கும் என்று கடிந்தும் கொண்டார். அன்று அந்த வீட்டில் அவர் அவ்வளவு பேசியதே வியப்பு.

60 பாகை வால்வு வந்துசேர இரண்டு வாரமாயிற்று. தந்தையே நாடா சுற்றினார்: முனையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாக, முதல் புரியை வெறுமையாக விட்டு. நீரைக் கொதிக்கவைத்து, இணைப்பைச் சுற்றிக் காகிதத்தை ஒற்றி எடுத்தார். காகிதம் நனையவில்லை. கைகளைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் பார்லி மணம் எழுந்தது. வழக்கம்போல் நாளிதழும் விரிந்தது. சிறிது நேரம் கழித்து அதன் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது:

"சொட்டுதா?"