பரணில் கிடக்கும் லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சைக்கிள் டியூப் பஞ்சரானால் நாம் யாரும் சைக்கிளையே தூக்கிப் போடுவதில்லை. மிக்ஸியில் புஷ் தேய்ந்தால் புஷ் மாற்றுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர், செல்போன் என்று வந்துவிட்டால் மட்டும் "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பொருள் பழசாகிவிட்டதா, இல்லை அதில் ஒரே ஒரு பாகம் பழசாகிவிட்டதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பாடம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். பிளஸ் டூ மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் முதல் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். இந்தப் பதிவைப் படிக்கும் என் பழைய மாணவர்களில் பலர் வாங்கியவர்கள். அவற்றில் பாதி இன்று எங்கே இருக்கிறது? பரணில், பீரோ மேலே, கட்டிலுக்கு அடியில். "ஆன் ஆகும் சார், ஆனா ரொம்ப ஸ்லோ" என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம்.

போன தீபாவளிக்குச் சில நாள் முன்னால் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் இருக்கும் ஓர் அம்மா வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள் சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம். வீட்டில் மகனுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப் ஒன்று இருக்கிறது. கடைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். "இது ஸ்கிராப். விண்டோஸ் 10-ம் இந்த மாசத்தோட முடிஞ்சுது. 42 ஆயிரத்துல புதுசு இருக்கு, தவணை போட்டுத் தர்றோம். பழசுக்கு ஆயிரம் கழிச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"முன்பணத்துக்குக் கம்மல வச்சிரலாம்னு இருக்கேன் சார். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றார்.

"கம்மல் காதுலயே இருக்கட்டும்மா. பாப்பாவை லேப்டாப்போட அனுப்புங்க" என்றேன்.

மறுநாள் அந்தப் பெண் கொண்டு வந்தாள். ஆன் செய்து பார்த்தோம். திரை வந்து, ஐகான்கள் வந்து, மவுஸ் சொன்னபடி கேட்பதற்கு நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. பேட்டரி சுத்தமாக இல்லை, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ரேம் 2 ஜி.பி., ஹார்ட் டிஸ்க் 320 ஜி.பி. ஆனால் திரை நன்றாக இருந்தது. கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுந்தது. வைஃபை எடுத்தது. இதற்குப் பெயரா ஸ்கிராப்?

அவளிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் நீங்களும் செய்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்றுக்கும் சதவீதம் காட்டும். சிபியு 15, 20 என்று சும்மா உட்கார்ந்திருந்தது. டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை. மெமரியும் நிறைந்து வழிந்தது. மூளை சும்மா இருக்கிறது, கால்தான் ஓட முடியவில்லை.

ஏன் என்று விளக்குகிறேன். பழைய லேப்டாப்பில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்பது சுற்றுகிற தட்டு. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன் மேல் ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கும். வேண்டிய இடத்துக்குக் கை நகர வேண்டும், பிறகு தட்டு சுற்றி அந்த இடம் கைக்கு அடியில் வர வேண்டும். அதனால் வேறுவேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுக்கச் சொன்னால் வினாடிக்கு நூறு துண்டு எடுப்பதே கஷ்டம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். ஒரே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு நூலகம் முழுக்க ஓடி ஓடித் துண்டுச் சீட்டு பொறுக்கச் சொல்வது போல.

எஸ்எஸ்டி என்பதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் சிப். பென்டிரைவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் துண்டுகளைச் சிரமமில்லாமல் எடுத்துத் தரும்.

அடுத்தது ரேம். இது கரும்பலகை மாதிரி. பலகை சின்னதாக இருந்தால் என்ன செய்வோம்? பாதியை நோட்டில் எழுதி வைத்துவிட்டு அழித்து, மீதிக் கணக்கைப் போடுவோம். திரும்ப வேண்டுமானால் நோட்டைத் தேடி எடுக்க வேண்டும். ரேம் 2 ஜி.பி. மட்டும் இருந்தால் கம்ப்யூட்டரும் அப்படித்தான் மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க்கும் மெதுவாக இருந்தால்? நாலு நிமிடம்தான்.

அவர்கள் வாங்கியது மூன்றே பொருள். 256 ஜி.பி. எஸ்எஸ்டி 1,700 ரூபாய். பழைய ரேம் 4 ஜி.பி. 600 ரூபாய். பேட்டரி 1,600 ரூபாய். மொத்தம் 3,900. (அதன்பிறகு ஏ.ஐ. தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதால் உலகம் முழுக்க ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது. இன்று கூடுதலாகவே சொல்வார்கள். விசாரித்து வாங்குங்கள்.)

ஸ்க்ரூவை நான் தொடவில்லை. அவளையே கழற்றச் சொன்னேன். முதலில் சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரியை எடு, கழற்றிய ஸ்க்ரூவை வரிசைப்படி ஒரு தாளில் ஒட்டி வை. இவ்வளவுதான் நான் சொன்னது. கை நடுங்கியது. ரேம் 'டக்' என்று உட்கார்ந்ததும் சிரித்தாள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி டப்பாவில் போட்டுத் திறந்து பார்த்தோம். அண்ணனின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், அம்மாவின் பேங்க் பாஸ்புக் ஸ்கேன், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் இவையும் சேர்ந்து போயிருக்கும். நண்பர்களே, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் எந்தப் பொருளிலும் இதை மறக்காதீர்கள். பொருளுக்குத்தான் விலை பேசுகிறோம், உள்ளே இருப்பதற்கு இல்லை.

இப்போது விண்டோஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது உண்மை. கம்ப்யூட்டர் அன்றோடு நின்றுவிடாது. பாதுகாப்பு அப்டேட் வராது, அதனால் இன்டர்நெட்டில் ஆபத்து கூடும். வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அப்டேட் நீட்டிப்பு கிடைக்கும். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், பிராசஸர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. அவள் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். இந்த 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. பைத்தான், சி, ஜாவா எல்லாம் அவள் பாடத்துக்குத் தேவையானபடி ஓடுகிறது. தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொடுத்தேன். இப்போது ஆன் செய்தால் அரை நிமிடம் முன்னே பின்னே.

இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் வந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூட பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கைக்கு வந்த வாரமே அதை அழித்துவிட்டவர்கள்தான் அதிகம். சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதுதான் காரணம். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

லினக்ஸ் எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். டேலி, ஃபோட்டோஷாப் வேண்டும் என்றால் விண்டோஸ்தான் சௌகரியம். வீடியோ எடிட்டிங், பெரிய கேம், ஆண்ட்ராய்டு ஆப் உருவாக்குவது இதற்கெல்லாம் இந்தப் பழைய மாட்டை வண்டியில் பூட்டாதீர்கள், பாவம். மதர்போர்டு போய்விட்டாலும் திரை உடைந்துவிட்டாலும் செலவைக் கணக்குப் போடுங்கள். பாதி விலைக்கு மேல் போனால் விட்டுவிடலாம்.

ஐ.டி. வேலையில் இருக்கும் என் தங்கை மகன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, இதுக்கு நீங்க செலவு பண்ண நேரத்துக்குக் கணக்குப் போட்டா புதுசே வாங்கியிருக்கலாம்" என்றான். அவன் வாங்கும் சம்பளத்துக்கு அவன் கணக்கு சரிதான். ஆனால் அந்த அம்மாவுக்கு 42 ஆயிரம் என்பது ஒரு வருடம் முழுக்க மாதாமாதம் தவணை, அதோடு அடகுக்கு வட்டி. கம்மல் மீண்டு வருமா என்பதே சந்தேகம். ஒரே விடையை இரண்டு வீட்டுக்கும் எழுத முடியாது.

புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. கடைக்காரர் மெலிசு, எடை குறைவு, பளபளப்பு என்பார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ரேம் தனியாகக் கழற்றி மாட்டுவதா, இல்லை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியதா? எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா? பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா? நம் ஊரில் உதிரி பாகம் கிடைக்குமா? போன் என்றால், எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட்? ஏழு வருடம் தருகிறோம் என்று சொல்லும் போன்கள் இப்போது வந்துவிட்டன. இரண்டு வருடத்தில் கைவிடும் போன் 3,000 ரூபாய் குறைவு என்பதற்காக வாங்கினால் அது மிச்சமில்லை.

பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் போன், லேப்டாப், டிவி போன்றவற்றுக்கு "இதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம்" என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். வாத்தியாராக இருந்தவனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஃபெயில் மார்க் வாங்கிய பொருளை யார் வாங்குவார்கள்? நம் நாட்டிலும் 2022-ல் மத்திய அரசு நுகர்வோருக்காக 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியது. கடை அலமாரியில் அந்த மதிப்பெண் தெரிகிற நாள் நமக்கும் வர வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். உடனே விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய டிவி, யுபிஎஸ், சார்ஜர் அடாப்டர் இவற்றைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். லேப்டாப் அடிமூடி வேறு, அது வேறு. நிஜமாகவே செத்துப்போன பொருளைக் குப்பையில் போடாமல், எரிக்காமல், மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள்.

அந்தப் பெண் போன மாதம் வகுப்புத் தோழிகள் இரண்டு பேருடைய லேப்டாப்பைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றில் மட்டும் ஏதோ சந்தேகம் என்று போன் செய்தாள். கேபிளைத் திருப்பி மாட்டியிருந்தாள், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைக் கமெண்டில் போடுங்கள். எந்த ரேம், எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள், காலையில் பேரனைப் பள்ளிக்கு விடும் வேலையும் எனக்குத்தான்.