ஆயா பாட்டுக்கு எத்தனை வாட்ஸ்?

ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் மணல்மேடு. அதில்தான் எங்கள் குப்பம். போன வருஷம் ஆடியில் கூழ் ஊத்தினப்போ ஆயா அம்மன் பாட்டுப் பாடினாங்க. மேடையோரம் ஆளுயரப் பெட்டிகள். பம்பை அதிர்ந்தது, மைக் ஊளையிட்டது, ஆயா குரல் மட்டும் கேட்கலை. பாதியிலேயே இறங்கிட்டாங்க.

இந்த வருஷம் கணக்கு நோட்டு என் கையில் (பி.காம். இதுக்காவது உதவட்டுமே!). "ரெண்டாயிரம் வாட்ஸ் போடு தம்பி, அடுத்த ஊருக்கே கேட்கும்" என்றார் மைக் செட்காரர். அடுத்த ஊருக்கு எதுக்குண்ணே? நம்ம ஊருக்குக் கேட்டா போதாதா?

கணக்கு இதுதான் மக்களே. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். திறந்தவெளியில் பெட்டிக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல். அதாவது நாலு மடங்கு வாட்ஸுக்குச் சமம், செலவே இல்லாமல்!

அதனால் ஸ்டாண்டில் தலைக்கு மேல் இரண்டு சின்னப் பெட்டி, கூட்டத்துக்குப் பக்கத்தில். ஒரு சின்ன மிக்ஸர். பாடுறவங்களுக்கு ஒரு மைக், பெட்டிகளுக்குப் பின்னால், வாயை ஒட்டி. அப்படி வைத்தால் ஊளை அடங்கும். கடல்காற்றுக்கு மைக் மேல் பஞ்சு உறை. பம்பைக்கு மைக்கே வேண்டாம், அதுக்குத் தொண்டை பெரிசு.

ஆயா முழுப்பாட்டும் பாடினாங்க. கடைசி வரிசையில் பெரியப்பா கூடவே முணுமுணுத்தார். சட்டப்படி இரவு 10 மணிக்கு செட்டை அணைச்சாச்சு. வாடகை பாதிதான். மிச்சத்தில் இன்னொரு அண்டா கூழ்!