பசுவுக்கும் ஒரு சமாதி

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் முதலில் வலம்வருவது, 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்த ரமண மகரிஷியின் சமாதியைத்தான். ஞானியரின் உடலைத் தீயிலிடாமல், அமர்ந்த நிலையிலேயே குழியில் இருத்தி, திருநீறு, கற்பூரம் முதலியவற்றால் நிரப்பி, மேலே லிங்கம் நிறுவும் இம்முறைக்குச் சைவ மரபில் சமாதிக் கிரியை என்று பெயர். அதன் விதிகளைத் திருமூலரின் திருமந்திரம் வகுத்துரைக்கிறது. உடல் தானல்ல என்று வாழ்நாள் முழுதும் உணர்த்திய ஒருவரின் உடலை அடக்கிய இடம் வழிபடு தலமாகிவிட்டது முரணாகத் தோன்றலாம். ஆனால் அதே வளாகத்தில் அவர் கண்முன்னே எழுந்த வேறு சமாதிகளையும் சேர்த்துக் காண்போருக்கு அம்முரண் நிற்பதில்லை.

1917-இல், காவியகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி, பெண் ஒருத்தி ஞானமடைந்தால் அவள் உடலை எரிப்பதா, அடக்குவதா என்ற ஐயத்தை ரமணர்முன் வைத்தார். ஞானத்துக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை, அவ்வுடல் கோயிலாதலின் எரிக்கலாகாது என்று ரமணர் அளித்த விடை, முனிவர் வடமொழியில் இயற்றிய ரமண கீதையில் இடம்பெற்றது. ஏட்டளவில் நின்றிருக்கக்கூடிய அந்த விடை, 1922 மே 19-இல் அவருடைய தாய் அழகம்மாள் மலைமேலுள்ள கந்தாசிரமத்தில் மறைந்தபோது செயலாயிற்று. மலையடிவாரத்தில், பாலி தீர்த்தத்தின் அருகே அம்மையார் சமாதி செய்விக்கப்பட்டார். சில மாதங்களில் மகனும் மலையிறங்கி அங்கேயே தங்கிவிட, குடிசைகளாகத் தொடங்கிய ஆசிரமம் அச்சமாதியைச் சுற்றியே வளர்ந்தது. பெண்ணுக்குத் துறவே உண்டா என்று வாதிட்ட ஒரு காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை ரமணரைப் பற்றிப் பேசுவோர் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதனினும் வியப்புக்குரியது ஆசிரமப் பசு லட்சுமியின் சமாதி. 1948 ஜூன் 18-இல் அது இறந்தபோது, மான், காகம், நாய் ஆகியவை ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டிருந்த இடத்துக்கு அருகில் அதையும் உரிய கிரியைகளுடன் அடக்கினர். ரமணர் தாமே அதற்கொரு வெண்பா எழுதினார். புகழுரை ஏதுமின்றி, சர்வதாரி ஆண்டு, ஆனி மாதம், நாள், திதி, நட்சத்திரம் ஆகியவற்றைப் பஞ்சாங்கத் துல்லியத்தோடு வரிசைப்படுத்தி, அன்று லட்சுமி விமுக்தி, அதாவது பிறப்பிலிருந்து விடுதலை, அடைந்தது என்று மட்டும் அப்பாடல் பதிவு செய்கிறது. ஆண்டுதோறும் குருபூசை செய்வதற்காக அடியார் மறைந்த நாளை நட்சத்திரத்தோடு குறித்துவைக்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு, ஒரு மாட்டுக்கு அவர் எத்தகைய இடத்தைக் கொடுத்தார் என்பது விளங்கும்.

தமக்குப் பின் குருபீடத்தில் அமர அவர் எவரையும் நியமிக்கவில்லை. 1938-இல் எழுதிய உயில் ஆசிரம நிருவாகத்தைத் தம்பி நிரஞ்சனானந்தரிடமும் அவர் வழியினரிடமும் ஒப்படைத்ததோடு சரி. பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட நூலால் மேலைநாட்டாரும் தேடி வரத் தொடங்கிய இவ்விடத்தில், இன்று உபதேசம் நாடி வருபவர்முன் இருப்பது, மௌனத்தில் இருந்த இளைஞர் ரமணர் 1901–02-இல் சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து உருவான 'நான் யார்?' என்னும் சிறு நூல்தான். அந்த வினாவைப் பிறர் சார்பில் கேட்டு முடிக்கும் உரிமையை அவர் யாருக்கும் எழுதிவைக்கவில்லை.