மேடத்தை எழுப்பலாமா?

நவம்பர் 4, செவ்வாய்

எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாள். மழை விட்டாலும் காய்ச்சல் விடவில்லை. வார்டில் கட்டில் போதாமல் தரையிலும் பாய் போட்டாயிற்று. ஐந்து நாளாகக் காய்ச்சல் என்று படுத்திருந்தவரை மாலை ரவுண்ட்ஸில் சட்டையைக் கழற்றச் சொன்னேன். அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் புண். ஸ்க்ரப் டைபஸ். டெங்குவுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. டாக்சிசைக்ளின் தொடங்கியாயிற்று.

இரவுக்கு ஒரு இரண்டாமாண்டு பிஜி, ஒரு முதலாண்டு பிஜி, இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள். டூட்டி ஏபி, அதாவது உதவிப் பேராசிரியர், நான். டூட்டி ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். டியூப் போடும் முன், ஐஎம்சியூவுக்கு மாற்றும் முன், நார்அட்ரினலின் தொடங்கும்போது, சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போகிறோம் என்னும்போது, உனக்குப் புரியாதபோது: கூப்பிடு. கடைசி வரியைப் படித்துவிட்டு ஹவுஸ் சர்ஜன் சிரித்தான். "அப்படின்னா விடிய விடிய கூப்பிடணும் மேடம்."

நவம்பர் 5, புதன்

3.20க்கு போன். முதலாண்டு பிஜி. "சாரி மேடம், எழுப்பிட்டேனா?" நோயாளியைப் பற்றிச் சொல்லும் முன் மன்னிப்பு கேட்க இவர்களுக்கு யார்தான் கற்றுக்கொடுத்தார்களோ.

இளம்பெண், வயிற்றுவலி, வாந்தி. வேறோர் இடத்தில் அல்சர் என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "சரி, எதுக்காக என்னைக் கூப்பிட்டே?" "இமை லேசா இறங்கியிருக்கு மேடம். ராத்திரி தரையில படுத்திருந்தாங்களாம். கடிச்ச தடம் எதுவும் இல்லை." "நீ என்ன நினைக்கிறே?" கொஞ்சம் தயங்கினாள். "கட்டுவிரியனா இருக்குமோ?"

நான் குவார்ட்டர்ஸிலிருந்து வருவதற்குள் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து வைத்து, பாம்பு விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி 10 வயல் ஏற்றத் தொடங்கியிருந்தாள். 20 நிமிடத்தில் ரத்தம் உறைந்துவிட்டது. கண்ணாடிவிரியன் என்றால் உறையாமல் நின்றிருக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்புக்குப் போவது. நான் எதிலும் கை வைக்கவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்தப் பெண்ணை ஒரே மூச்சில் எண்ணவைக்கச் சொன்னேன். 22 வரை போனாள். அரை மணி கழித்து 13. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

"ஆக்சிஜன் 97 இருக்கே மேடம், பொறுத்துப் பார்க்கலாமா?" என்றாள் பிஜி. மானிட்டரில் எண் விழுவது கடைசியில்தான், கழுத்து முன்னாடியே சொல்லிவிடும் என்றேன். டியூபை அவளே போட்டாள். நான் பின்னால் நின்றேன். பிடித்துவிட்ட வாதத்தை ஏஎஸ்வி திருப்பாது. இனி வென்டிலேட்டரும் பொறுமையும்தான். இதையெல்லாம் பகலில் வகுப்பெடுத்துச் சொல்லலாம், படமும் போடலாம். விடிகாலை 4 மணிக்கு அந்தக் கழுத்தைப் பார்த்தவளுக்கு வகுப்பு தேவையில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வரும் வார வகுப்புக்காக லிபி ஜயான் வழக்கைத் திரும்ப எடுத்தேன். 1984 மார்ச், நியூயார்க். 18 வயதுப் பெண். காய்ச்சலும் உடல் நடுக்கமும் என்று இரவில் சேர்த்தார்கள், காலையில் இறந்துபோனாள். ஃபினெல்சின் சாப்பிட்டுவந்தவளுக்கு பெத்திடின் போட்டிருந்தார்கள். இரண்டும் சேரக்கூடாது. பார்த்தவர்கள் பயிற்சியில் இருந்த ரெசிடென்ட்கள், பெரிய டாக்டர் போனில். அப்பா பத்திரிகையாளர், விடவில்லை. பெல் கமிஷன் வந்தது. 1989 முதல் அந்த மாநிலத்தில் ரெசிடென்ட்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு. 2003இல் அமெரிக்கா முழுக்க.

ஊர் உலகத்துக்கு நினைவிருப்பது அந்த 80 மட்டும்தான். அதே விதிகள் 24 மணி நேர மேற்பார்வையையும் கேட்டன. மணிக்கணக்கைவிட மேற்பார்வைதான் முக்கியம் என்று கமிஷன் தலைவர் பெல்லே பின்னால் எழுதவேண்டியதாயிற்று.

நவம்பர் 8, சனி

டீ குடிக்கும்போது சீஃப்: "எங்க காலத்துல ராத்திரி சீஃபை எழுப்பினா மறுநாள் ரவுண்ட்ஸ்ல தோலை உரிச்சிடுவார். அப்படித்தாம்மா கத்துக்கிட்டோம்." கற்றுக்கொண்டது நிஜம். யாரை வைத்துக் கற்றுக்கொண்டோம் என்பதுதான் எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை. கூடவே 2013இல் வந்த ஃபிலடெல்ஃபியா ஆய்வையும் எடுத்துவிட்டார். ஐசியூவில் ராத்திரி ஸ்பெஷலிஸ்டை உட்காரவைத்தும் சாவு குறையவில்லை, தங்கும் நாளும் குறையவில்லை. சரிதான். ஆனால் அங்கே ஸ்பெஷலிஸ்ட் உட்காராத ராத்திரிகளிலும் போன் போட்டால் எடுக்க ஒருவர் இருந்தார். நான் கேட்பதும் அதைத்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

இரவு 11 மணிக்கு வார்டைச் சுற்றிவந்தோம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இன்றைக்கு உனக்குப் பயம் எந்தக் கட்டில்? மூவர் ஒரே கிழவரைக் காட்டினார்கள். ஹவுஸ் சர்ஜன் மட்டும் வேறொருவரைக் காட்டினான். 2 மணிக்கு அவனிடமிருந்துதான் போன் வந்தது, பொட்டாசியம் 2.8 என்று. எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் போடப்போகிறாய் என்று கேட்டேன். சரியாகச் சொன்னான். போடு என்றேன். இந்தத் தடவை சாரி இல்லை.

நவம்பர் 12, புதன்

மதியம் 2 மணிக்கும் முதலாண்டு பிஜி வார்டிலேயே டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்றுக் காலை 8 மணிக்கு வந்தவள். ரெசிடென்ட்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48 என்று மத்திய அரசு 1992இலேயே உத்தரவு போட்டது. 2023இன் பிஜி விதிகள் நியாயமான வேலை நேரம் என்பதோடு நிறுத்திக்கொண்டன, எண்ணே கிடையாது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அவளை அனுப்பிவைத்தேன்.

நைட் பார்த்தவர்கள் மறுநாள் 12 மணிக்கு மேல் வார்டில் இருக்கக்கூடாது என்று ரோஸ்டர் எழுதி சீஃபிடம் நீட்டினேன். இரண்டு பிஜிக்கள் மூன்று மாத மாவட்டப் பணிக்குப் போயிருக்கிறார்கள், சம்மரியெல்லாம் யார் எழுதுவது என்றார். ஏபிக்கள் எதற்கு இருக்கிறோம் சார் என்றேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. தாளைத் திருப்பியும் தரவில்லை.