பனியில் நின்ற அடுப்பு

ஜனவரி 10

காலை எட்டு மணி. வாழவந்தியில் இன்னும் பனி விலகவில்லை. காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு ஹோம்ஸ்டேயின் பின்புறம், தார்ப்பாய் போர்த்திய கேஸ் கிரில் அடுப்பு ஐப்பசி மழையிலிருந்து யார் கையும் படாமல் நிற்கிறது. பொங்கல் விடுமுறைக்கு ஏற்காடு நிரம்பிவிடும். குளிர் இறங்கியதும் விருந்தாளிகள் கேட்பது கோழி சுட்டுத் தர முடியுமா என்றுதான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தார்ப்பாயை உருவுகிறார். மூடியோரம் துரு. அடியில் ஒரு கூடை சில்வர் ஓக் சருகு.

“பத்த வச்சா கரியெல்லாம் தானா உதிர்ந்துடுங்க்கா,” என்கிறான் உதவிக்கு வந்த பையன்.

“மொதல்ல சிலிண்டரப் பாரு தம்பி. கரி எங்கயும் போயிடாது.”

அவர் சொன்னதுதான் சரியான வரிசை. சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் ‘பி-28’ என்று எழுதியிருந்தது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச். பி, ஏப்ரல் முதல் ஜூன். இப்படி டி வரை. 2028 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். ஆரஞ்சு டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இங்கே அச்சிட்ட ஆண்டு தேய்ந்துபோயிருந்தது. வளைவில் எலி கடித்த தடம் வேறு. யோசிக்க இடமே இல்லை, ஐஎஸ்ஐ முத்திரையோடு புது டியூப் வந்தது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி வால்வைத் திறந்தார்கள். குமிழி வரவில்லை.

தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் தாழ்ந்த இடம் தேடித் தேங்கும். படிப்படியாக இறங்கும் மலை வீட்டு முற்றத்தில் இதை மறக்கவே கூடாது.

ஜனவரி 11

பொழுது முழுக்க பர்னருக்கே போயிற்று. மூன்று குழாய்களையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார் அக்கா. இரண்டில் மறுபக்கம் தெரிந்தது; ஒன்று இருட்டு. உள்ளே வெள்ளையாக ஒட்டடை, அதன் நடுவே பஞ்சு உருண்டை போலச் சிலந்தியின் முட்டைப் பை.

சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அப்படியில்லை. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் கேஸ், பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டுதான் குழாய்க்குள் போகிறது. வழியில் வலை இருந்தால் காற்று குறையும், தீ மஞ்சளாகிப் புகை கக்கும். அடைப்பு பெரிதானால் கேஸ் பின்வாங்கி, திருகு இருக்கும் பக்கமே பற்றிக்கொள்ளும். எரிபொருள் வாடை சில சிலந்திகளை ஈர்க்கிறது என்பார்கள். 2011-ல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே, பெட்ரோல் தொட்டியின் காற்றுக்குழாயில் மஞ்சள் சிலந்தி கட்டிய வலைதான்.

மெல்லிய பிரஷ்ஷை விட்டு இழுத்ததும் வலை சுருண்டு வந்தது. துளைகளை ஊசியால் பட்டும்படாமல் குத்தினார்கள். துளை பெரிதானால் தீயின் அளவு கெடும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் கிடைக்கும் காற்றின் அடர்த்தி இங்கே இல்லை. அதனால் காற்றுத் திறப்பை மலையில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 12

பையன் கம்பி பிரஷ்ஷோடு வந்தான். அக்கா வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2012 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை அந்த முடிவுக்குப் பக்கபலம்: ரோட் ஐலண்டில் 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை ஆறு பேர், கிரில்லில் உதிர்ந்து இறைச்சியோடு ஒட்டிக்கொண்ட பிரஷ் கம்பியை விழுங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒருவருக்குத் தொண்டையில், இன்னொருவருக்குக் குடலில்.

நம் ஊரில் தேங்காய் நார் இருக்கும்போது அந்தக் கம்பி எதற்கு? வெந்நீரும் சோப்பும் ஊற்றி ஊறவைத்து, நாரால் தேய்த்தபோது கரி செதில் செதிலாகப் பெயர்ந்தது. இரும்புக் கம்பித் தட்டைக் கழுவியதும் துடைத்து, சூடேற்றி, பாதி வெங்காயத்தில் நல்லெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். புது தோசைக்கல்லைப் பழக்குகிற அதே பக்குவம். அரை மணியில் இரும்பு கறுத்து மினுமினுத்தது.

ஜனவரி 13

கொழுப்பு வடியும் தட்டு. சுரண்டி எடுத்தது முக்கால் டப்பா. கிரில்லில் பெரிய தீ கிளம்புவது பெரும்பாலும் இதிலிருந்துதான். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை நிறுத்தி மூடியைக் கவிழ்க்க வேண்டும்.

போகி

மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைத்தார்கள். மூடியபடி திருகினால் கேஸ் உள்ளே சேர்ந்துவிடும். மூன்று வரிசையும் நீலம். பையன் குனிந்து ஒவ்வொரு துளையாக எண்ணினான்.

உங்கள் வீட்டிலும் மழை முடிந்து கிரில்லை எடுக்கிறீர்கள் என்றால், ஒருமுறை குழாயைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, தள்ளிப் போய் நின்று 1906-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.